அம்மன் சொல்லாத வாக்கு

எங்கள் பக்கம் பூ கேட்காமல் கிணறு வெட்டமாட்டார்கள், பெண் எடுக்கமாட்டார்கள், பங்காளிச் சண்டைக்கு வக்கீலைத் தேடிப் போகமாட்டார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலைத் துண்டில் ஒரே அளவாக மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்க வந்தவர் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது தெய்வத்தைச் சந்தேகப்படுவது என்பதால் அதை அப்படியே ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அதற்குமேல் பேச்சே கிடையாது. பாலக்காட்டு ஜில்லாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் நாங்கள் கேரள சர்க்காருக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். ஆனால் அம்மன் வாக்குக்கு அப்புறம்தான் சர்க்கார்.

நான் அந்த வாக்கில் கை வைத்தவன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மன் பெரியவள், அவளுக்கு என்னைப் போல ஆயிரம் பேர். நான் ஏமாற்றியது என் அக்காவை.

என் பெயர் பூபதிராஜா. கொழிஞ்சாம்பாறையில் சோலார் பேனல் விற்று மாட்டிக்கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். வீடு கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப்புறம், தார்ரோட்டிலிருந்து இறங்கி ஒரு கிலோமீட்டர் உள்ளே. நாலு ஏக்கர் தென்னை. எனக்கும் அக்கா பழனாத்தாளுக்கும் சேர்ந்த சொத்து. ஆதாரத்தில், அதாவது நிலப் பத்திரத்தில், இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அக்காவுக்கு அறுபத்தோரு வயது. மாமா இறந்து இருபது வருடமாகிறது. பிள்ளை இல்லை. அன்றைக்குப் பெட்டியோடு வந்தவள் வீட்டின் மேற்கு அறையில் தங்கினாள், அங்கேயே இருக்கிறாள். என் மனைவி நர்மதாவுக்கும் அவளுக்கும் இதுவரை ஒரு சண்டை வந்ததில்லை. எங்கள் வீட்டில் சண்டைக்கு நான் ஒருத்தனே போதும்.

வீட்டுக்கு மேற்கே அறுபது சென்ட் தோப்பு ஒன்று இருந்தது. யாரும் நட்டதில்லை. வேம்பு, புங்கன், நாலைந்து இச்சி, ஒரு கிழட்டு ஆல், இடுக்கெல்லாம் முள். அந்தத் தோப்பு முடிகிற இடத்திலிருந்து கிளுவை வேலி ஒன்று கிளம்பி, எங்கள் காட்டுக்கும் வடக்குக் காட்டுக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டர் போய் மலையடிவாரத்தில் முடிகிறது. வேலி என்றால் கம்பி வேலி இல்லை, உயிர்வேலி. இரண்டாள் உயரக் கிளுவை, அதற்கு மேலே அங்கங்கே வேம்பும் வேலமும் தலை தூக்கி நிற்கும்.

அந்தத் தோப்பிலும் வேலியிலும் தேவாங்கு இருந்தது. ஒல்லியான பையனைத் திட்டத்தான் எங்களுக்கு அந்த வார்த்தை பழக்கம். நானும் பள்ளிக்கூடத்தில் நிறைய வாங்கியிருக்கிறேன். நிஜத் தேவாங்கைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரிலேயே கொஞ்சம். அக்கா தினமும் பார்ப்பாள். பொழுது சாய்ந்ததும், அதுகளுக்குக் கண் கூசக்கூடாது என்று டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். ஏழு என்பாள், இன்றைக்கு ஒன்பது என்பாள். டி.வி. சீரியலில் வருகிற குடும்பத்தைப் பற்றிப் பேசுவதுபோல, எது எதோடு சண்டை, எது குட்டி போட்டிருக்கிறது என்று சாப்பாட்டு வேளையில் சொல்வாள். நான் காதில் வாங்காமல் தோசை தின்பேன்.

கண்ணாடித்தாள் கொடுத்தது செல்வப்பிரியா. பொள்ளாச்சிப் பெண். நிலத்தையும் காட்டுயிரையும் காப்பாற்றப் பாலக்காட்டில் ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது, அதில் வேலை. போன புரட்டாசியில் அவள் ஒரு பத்திரத்தோடு வந்தாள். தோப்பையும் வேலியையும் இருபத்தைந்து வருடத்துக்கு வெட்டமாட்டோம் என்று உடைமைக்காரர்கள் எழுதிக்கொடுக்க வேண்டும். வேலியில் இடைவெளி விழுந்த இடங்களில் அவர்கள் மரம் வைத்து நிரப்பிக்கொடுப்பார்கள்.

"தேவாங்கு தாவாதுங்க. கெளையெ எட்டிப் புடிச்சுப் புடிச்சுத்தான் போகும். கீழ எறங்குச்சுன்னா நாய் உட்டு வெக்காது. உங்க தோப்பு அதுக்கு ஊடு, இந்த வேலி அதுக்குத் தடம்ங்க. மலையிலிருந்து இத்தனை தூரம் தடம் அறாம இருக்கறது இந்த ஒரே எடந்தான்" என்றாள்.

அக்கா அப்போதே பேனாவைக் கேட்டாள். நான், ஆதாரத்தைப் பார்க்க வேண்டும், வக்கீலைக் கேட்க வேண்டும் என்று என்னென்னவோ சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவைத்தேன்.

எனக்கு வேறு கணக்கு இருந்தது. என் வீட்டு மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் பேனல் வைத்திருக்கிறேன். வாசலில் போர்டு: 'இந்த வீடு சூரியனில் ஓடுகிறது.' புது கஸ்டமர் யார் வந்தாலும் கடையிலிருந்து நேராக வீட்டுக்குத்தான் கூட்டி வருவேன். மத்தியானம் இரண்டு மணி வரை வந்தால் தொல்லையில்லை. இரண்டு மணிக்கு மேல் தோப்பின் நிழல் மெல்ல ஏறி வந்து பேனல்மேல் படுத்துக்கொள்ளும். பேனலில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுக்கச் சோர்ந்துவிடும். ஒருநாள் எருத்தேன்பதியிலிருந்து வந்த ஒரு கவுண்டர் மூன்றரை மணிக்கு மாடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, வைத்தியர் ஊட்லயே காச்சலாட்ட இருக்குதுங்களே" என்று சிரித்தார். அவர் பிறகு பொள்ளாச்சியில் வேறொரு கடையில் வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பு எனக்குத் தூக்கத்திலும் கேட்டது. தோப்பை வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அக்கா சம்மதிக்கவில்லை. அவள் பங்கும் அதில் இருக்கிறது. இரண்டு மாதம் இதே பேச்சு.

"நாலு கொரங்குக் குட்டிக்கோசரம் என்ற பொழப்பெக் கெடுக்கோணுமுங்களாக்கா?"

"கொரங்கில்ல தம்பி, தேவாங்கு."

"ஏதோ ஒண்ணு."

"உனக்கு ஏதோ ஒண்ணு. எனக்கு இந்த ஊட்ல பேச்சுத் துணையே அதுகதான்."

நர்மதா இரண்டு பக்கமும் பேசவில்லை. கடைசியில் அக்காதான் வழி சொன்னாள். "நீயும் உட மாட்டீங்கற, நானும் உட மாட்டீங்கறன். ஆத்தாகிட்டயே கேட்டர்லாம். அந்தப் பிள்ளை கொண்டாந்த பத்தரத்துல கையெழுத்துப் போடலாமா வேண்டாமான்னு கேப்போம். வெள்ளை வந்தா நீ மறு பேச்சுப் பேசாமப் போடோணும். செவப்பு வந்துதுன்னா நீ தோப்பெ வெட்டிக்க. நா குறுக்க நிக்க மாட்டன்."

பூ கேட்க மாட்டேன் என்று சொல்கிற தைரியம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. ஐப்பசிக் கடைசி வெள்ளிக்கிழமை மாகாளியம்மன் கோவிலுக்குப் போனோம். பூசாரி ஆறுமுகசாமியின் வலது கையில் பெரிய கட்டு. முந்தின நாள் விளக்கெண்ணெய் கொட்டி வெந்துவிட்டதாம். அக்கா கோவிலைச் சுற்றப் போனபோது அவர் பூத்தட்டை என் பக்கம் நகர்த்தினார். "தம்பி, எனக்கு நாரு முடியப் போட முடியாதுங்க. நீங்களே கட்டிருங்க. நா தீர்த்தத்துக்குத் தண்ணி எடுத்துட்டு வந்தர்றன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கோவிலுக்குள் நுழையும்போது அந்த எண்ணம் இல்லை. முதல் பொட்டலத்தில் செவ்வரளி வைத்துக் கட்டினேன். இரண்டாவதற்கு வெள்ளரளியை எடுத்தேன். பிரகாரத்தின் பின்பக்கத்தில் அக்காவின் காலடிச் சத்தம் கேட்டது. எடுத்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டு, இதிலும் சிவப்பை வைத்து மடித்தேன். முடிச்சுப் போட நாலு விநாடி ஆகியிருக்கும். மிச்சமிருந்த வெள்ளைப் பூக்களை அம்மன் பாதத்தில் தூவிவிட்டேன். யாராவது பார்த்திருந்தால் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

அக்கா மூன்று சுற்று முடித்து வந்து, கண்ணை மூடி, எதையோ முணுமுணுத்துவிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆத்தா வேண்டாம்னுட்டா" என்றாள். அவ்வளவுதான். மற்றப் பொட்டலத்தை நானே வாங்கி, வழியில் வாய்க்காலில் விட்டேன். வழக்கப்படி.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "இது குட்டி செமக்கற காலந் தம்பி. தை பொறக்கட்டும், அப்பறம் வெட்டிக்க." சரிங்கக்கா என்றேன். அப்படிச் சொன்னது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளத்திலிருந்து மரம் அறுக்கிறவன் போன் செய்தான். இந்த வாரம் மெஷின் சும்மா நிற்கிறது, விட்டால் பொங்கலுக்கு அப்புறம்தான் என்றான். திங்கட்கிழமை காலையில் ரம்பம் ஓட ஆரம்பித்தது. அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமி கொடுத்த உத்தரவுக்கு முன்னால் நான் கொடுத்த வாக்கு அவளுக்குப் பெரிதாகப் படவில்லை போலிருக்கிறது. மூன்று நாளில் மேற்கே மலை தெரிந்தது. நாற்பது வருடமாக அந்த வீட்டிலிருந்து தெரியாத மலை. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் நர்மதா கூப்பிட்டாள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கரண்ட் கம்பியில் ஒரு தேவாங்கு தொங்கிக்கொண்டிருந்தது. தோப்பு இருந்த இடத்திலிருந்து வேலிக்குப் போக வழி தேடியிருக்கிறது. கிளை என்று நினைத்து இரண்டு கம்பியையும் ஒன்றாகப் பிடித்திருக்கிறது. வயிற்றில் குட்டி ஒட்டியிருந்தது. அதற்கும் உயிர் இல்லை.

கரண்டை நிறுத்தி ஏணி வைத்து நான்தான் இறக்கினேன். தொழில் அது. இத்தனை வருடத்தில் கம்பியில் செத்த காக்கை, அணில் எத்தனையோ இறக்கியிருக்கிறேன். இதன் விரல்கள் கம்பியை விடவில்லை. மனிதக் குழந்தையின் விரல்போல நகத்தோடு இருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கீழே அக்கா துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அதோடு முடித்திருப்பேன். வேலியோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "எல்லாம் என்ற பாவந் தம்பி. உங்க மாமா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஆத்தாளுக்குத் தீச்சட்டி ஏந்திப் பூவோடு எடுக்கறன்னு வேண்டிக்கிட்டன். அவரு போயிட்டாரு. எனக்குக் கோபம். நீ காப்பாத்துலியே, நா எதுக்கு எடுக்கோணும்னு உட்டுட்டன். இருவது வருசமா ஆத்தா மனசுல வெச்சிருந்திருக்கறா. இல்லாட்டி இத்தனை உசுரெக் காப்பாத்தற காரியத்துக்கு எந்தச் சாமியாச்சும் வேண்டாமுங்குமா? எனக்கு வந்த செவப்பு அது. இதுக எனக்காகச் செத்துப்போச்சுது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடம், அந்தத் தண்ணீர்க் குழாயடியில் நின்று, "இல்லீங்கக்கா, நாந்தான்" என்று இரண்டு வார்த்தை. வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை என்பது என்னைப் போன்ற கோழைகளுக்காகவே உண்டான வார்த்தை.

கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் பேனல்கள் என் மானத்தைக் காப்பாற்றின. சாயங்காலம் ஐந்து மணி வரை வெயில். கஸ்டமர்களை எந்த நேரமும் கூட்டி வந்தேன். எருத்தேன்பதிக் கவுண்டரைக்கூட வலுக்கட்டாயமாக மாடிக்கு ஏற்றிக் காட்டினேன்.

மாசி பாதியில் வீடு காயத் தொடங்கியது. தோப்பு இருந்தவரை எங்கள் வீட்டில் ஃபேன் போதும். மேற்கு வெயில் சுவரைத் தொட்டதே இல்லை என்பது அது தொட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குமேல் வெயில் மேற்குச் சுவரில் நேராக இறங்கும். ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. பகலில் வாங்கி வைத்ததை விடிய விடிய வீட்டுக்குள்ளே திருப்பிக் கொடுக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற காற்றுக்கும் தடுப்பு இல்லை. மண்ணை வாரிக்கொண்டு வந்து பேனல்மேல் கொட்டிவிட்டுப் போகும். பேனல் அதிகமாகச் சூடேறினாலும் கரண்ட் குறையும். இது நான் கஸ்டமர்களிடம் சொல்லாமல் விடுகிற விஷயம். எங்கள் அறைக்கு ஒரு ஏ.சி. வந்தது. அப்புறம் ஹாலுக்கு ஒன்று. மாடி உண்டாக்குகிற கரண்ட் பத்தாமல் கம்பத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தோம். சூரியனில் ஓடுகிற வீட்டில், சூரியனிடமிருந்து தப்பிக்கத்தான் அத்தனை கரண்டும் போனது.

மொட்டை மாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். மேற்கே கம்பம் நட்டுப் பச்சை வலை வாங்கிக் கட்டினேன். அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மரத்தை வெட்டிவிட்டு வலை கட்டுகிற கோமாளி என்று டீக்கடையில் பேசினார்கள். "கண் கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்" என்றாள் நர்மதா. அவள் சொன்னதைக் கேட்டுக் கோபம் வரவில்லை. எனக்கே அது தோன்றியிருந்தது.

மேற்கு அறை அக்காவுடையது. அங்கே ஏ.சி. வைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். எங்கள் அறைக்கு வந்து படுக்கச் சொன்னோம். அதுவும் வேண்டாம். நனைத்த கோணிச்சாக்கை ஜன்னலில் தொங்கவிட்டுக்கொண்டு படுத்தாள். அதோடு ஒருபொழுது விரதம். வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், செருப்பில்லாமல் மூன்று கிலோமீட்டர் நடந்து கோவிலுக்குப் போய் வந்தாள். பங்குனியில் பூவோடும் எடுத்தாள். அறுபத்தோரு வயதில், தீ எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி, நாற்பது டிகிரி வெயிலில். நான் மோட்டார் சைக்கிளைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன்.

"இன்னும் எதுக்குங்கக்கா ஒடம்பெ வருத்தறீங்க?" என்று கேட்டேன்.

"ஆத்தா மனசு குளுரோணுமில்ல தம்பி."

சித்திரை இரண்டாவது வெள்ளிக்கிழமை கோவிலிலிருந்து திரும்பி வந்தவள் தன் அறையிலேயே விழுந்துவிட்டாள். நர்மதா பார்த்தபோது தோல் வறண்டு தீயாகக் கொதித்தது, பேச்சு குழறியது. பக்கத்தில் இருக்கிற சித்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐந்து நாள் குளுகோஸ். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்டில் நல்ல காற்று வருகிற அறை இல்லையா?" என்று மலையாளத்தில் கேட்டார். இருந்தது என்று சொன்னேன்.

அந்த ஐந்து நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். இப்படி ஆரம்பிப்பது, அப்படி முடிப்பது. அவள் கண் திறந்தால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அக்கா செத்துப்போயிருந்தால் என்னையே நான் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று தெரியவில்லை. பிழைத்துவிட்டாள். பிழைத்ததும் என் பயமும் பிழைத்துக்கொண்டது.

வைகாசியில் செல்வப்பிரியா மறுபடி வந்தாள். கூட வடக்குக் காட்டுக்காரன் கௌசிக். கோயமுத்தூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வந்திருக்கிற பையன். காட்டுப்பன்றிக்காக வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்கால் நட்டுக் கம்பி கட்ட நினைத்திருந்தான். கல்காலெல்லாம் வந்து இறங்கிவிட்டது. செல்வப்பிரியா அவனிடம் பத்து நாள் பேசியிருக்கிறாள். தோப்பு போன பிறகும் வேலியில் ஐந்து தேவாங்கு இருக்கிறதாம், ஒன்றின் முதுகில் குட்டியும் இருக்கிறதாம். இந்தத் தடவை பத்திரம் வேலிக்கு மட்டும்.

"நீங்க ரெண்டு பேரும் போட்டா நானும் போடறனுங்க மாமா. வேலி எல்லாருக்கும் பொதுவு. என்ற பக்கம் மட்டும் கட்டுப்பாடுன்னா எனக்குச் சரிப்படாதுங்க. முடியாதுன்னாச் சொல்லீருங்க, திங்கக்கெழமை மெஷின் வருது" என்றான் கௌசிக்.

நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி மூன்று பக்கத்திலும் போட்டேன். பத்திரத்தை அக்காவின் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடாமல் எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பாதியாக இளைத்திருந்தாள்.

"என்னால ஆகாது கண்ணு" என்றாள் செல்வப்பிரியாவிடம். "ஆத்தா கையெழுத்து வேண்டாம்னு சொல்லியாச்சு. ஒருக்கா மீறுனதுக்கே இருவது வருசம் தண்டனை. மறுக்கா மீறுனா இருக்கற அஞ்சும் போயிரும்."

"இது வேற பத்திரம்ங்கம்மா" என்றாள் அவள்.

"கேட்ட கேள்வி ஒண்ணுதான?"

கௌசிக் எழுந்திருக்கப் போனான். இனி நாளை என்று ஒன்று இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, ஆத்தா வேண்டாம்னு சொல்லவே இல்லீங்க. ரெண்டு பொட்டலத்துலயும் நாந்தான் செவப்பு வெச்சுக் கட்டுனன்."

நான் நிறுத்தாமல் சொன்னேன். பூசாரியின் வெந்த கை, அவர் தண்ணீர் எடுக்கப் போனது, அவள் சுற்றி வந்த சத்தம், தூவின வெள்ளைப் பூ, வாய்க்காலில் விட்ட பொட்டலம். "நீங்க எதெ எடுத்திருந்தாலும் செவப்புத்தானுங்க வந்திருக்கும். உங்க மேல ஒரு பாவமும் இல்லீங்க. எல்லாம் நாஞ் செஞ்சது. மாடியில வெயிலு விழுகோணும்னு செஞ்சன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயதில், ஊர்ப் பையன் ஒருத்தனுக்கு முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.

கௌசிக் தரையைப் பார்த்தான். செல்வப்பிரியாவின் முகத்தில் இருந்த மரியாதை போய்விட்டது. நர்மதா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியம் இல்லை அவள் முகத்தில். முப்பது வருடம் என்னோடு இருந்தவள்.

அக்கா மட்டும் சிரித்தாள். தோப்பு போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சின்ன வயசுல நாந்தான் பால் சட்டியெ ஒடச்சன். அப்பன் சாட்டையெ எடுத்துட்டு வந்தப்ப, நாந்தான்னு ஓடி வந்து முன்னால நின்ன. ஆறு வயசு உனக்கு. முதுகு தடிச்சுப்போச்சு. நெனப்பிருக்குதா?"

நினைவிருந்தது. பாதி வெல்ல உருண்டை தருகிறேன் என்று அவள் சொன்னதால் செய்தது. அது அவளுக்கு மறந்துவிட்டது.

"அக்கா, இது அப்பிடி இல்லீங்க. அம்மன் மேல சத்தியமா..."

"சத்தியம் பண்ணாத!" என்று என் வாயைப் பொத்தினாள். எலும்பாகிப்போன கை. "எனக்கோசரம் ஆத்தா மேல பொய்ச் சத்தியம் பண்ணி நீ எதுக்குக் கெட்டுப் போகோணும்? சாமி முன்னால அப்பிடிச் செய்யற கையா உன்ற கை? என்ற பாவத்தெ நாந்தான் கழிக்கோணும் தம்பி. அதெ எடுத்து உன்ற தலையில வெச்சுக்காத."

பிறகு செல்வப்பிரியாவிடம் திரும்பி, "என்ற தம்பியாட்ட ஒருத்தன் ஆருக்குக் கெடைப்பான் சொல்லு" என்றாள்.

செல்வப்பிரியா, என் கையெழுத்து மட்டும் இருந்த பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். கௌசிக் ஏற்கெனவே வாசலில் இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.